ஸ்கேனர் எண்ணை மாற்றியது எப்படி? படத்தைச் சுருக்கும் 'மாடல்' செய்யும் வேலையும், செய்யக் கூடாத வேலையும்

2013 ஜூலை மாதம். ஜெர்மனியில் ஒரு கட்டுமான நிறுவனம், வீட்டு வரைபடம் ஒன்றை ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'வொர்க்சென்டர்' இயந்திரத்தில் ஸ்கேன் செய்தது. வரைபடத்தில் மூன்று அறைகள். அவற்றின் பரப்பளவு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று அச்சாகியிருந்தது. ஸ்கேன் ஆகி வந்த ஃபைலிலோ மூன்று அறைகளுக்கும் ஒரே அளவு: 14.13.

எழுத்து மங்கலாக இருந்ததா? இல்லை. எண்கள் பளிச்சென்று, அச்சு அசலாகத்தான் இருந்தன. அதுதான் பயமே. பெரிய அறைக்கும் சின்ன அறைக்கும் ஒரே அளவு போட்டிருந்ததால் யாரோ கவனித்தார்கள். ஒரு கணக்குப் பட்டியலில் 6 என்பது 8 ஆகியிருந்தால் யார் கவனித்திருப்பார்கள்?

டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினி அறிவியலாளர் இதைச் சோதித்து, ஆகஸ்ட் மாதம் வெளியிட்டார். குறைந்த தர அமைப்பில் எழுத்து மாற வாய்ப்பு உண்டு என்று ஏற்கெனவே எச்சரித்திருக்கிறோம் என்றது நிறுவனம். உயர் தர அமைப்பிலும் இதே கோளாறு நடப்பதை கிரீசல் காட்டினார். பிறகு மென்பொருள் பிழை இருப்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டு, அதைச் சரிசெய்யும் அப்டேட்டை வெளியிட்டது. அதற்குள் அந்தப் பிழை பல ஆண்டுகளாக உலகம் முழுக்க அலுவலகங்களில் உட்கார்ந்திருந்தது.

ஃபைலைச் சின்னதாக்கும் வேலை, எண்ணையே மாற்றும் அளவுக்கு எப்படிப் போனது? இதற்குப் பதில் தெரிந்தால், நம் போனில் தினமும் நடக்கும் ஒரு பெரிய விஷயமும் புரிந்துவிடும்.

சுருக்குவது என்றால் என்ன?

ஒரே வார்த்தையில் சொன்னால், ஊகிப்பது.

'வணக்க' என்று திரையில் வந்ததும், அடுத்தது 'ம்' என்று உங்களுக்கே தெரியும். அந்த 'ம்' புதிதாக எந்தத் தகவலையும் சொல்வதில்லை. எதிர்பார்த்தது வந்தால் தகவல் குறைவு, எதிர்பாராதது வந்தால் தகவல் அதிகம். இதைக் கணக்காக எழுதிக் கொடுத்தவர் அமெரிக்கரான கிளாட் ஷானன். ஆண்டு 1948. நடக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ளதைக் குறிக்க 1 பிட் போதும். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்றால் 2 பிட். ஆயிரத்தில் ஒன்று என்றால் ஏறத்தாழ 10 பிட்.

இதைப் படத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 12 மெகாபிக்ஸல் போட்டோவில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட். அப்படியே சேமித்தால் 36 எம்பி. ஆனால் கேலரியில் அது சில எம்பி-தான் காட்டும். எப்படி? வானத்தில் ஒரு புள்ளி நீலமாக இருந்தால் பக்கத்துப் புள்ளியும் நீலமாகத்தான் இருக்கும். முன்னால் வந்த புள்ளிகளைப் பார்த்து அடுத்ததை ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதினால் போதும். ஊகம் நன்றாக இருந்தால் வித்தியாசம் சின்னது, ஃபைலும் சின்னது.

இந்த ஊகிக்கும் விதிக்குத்தான் 'புள்ளியியல் மாடல்' என்று பெயர். எல்லாப் படத்துக்கும் ஒரே மாடல் ஒத்துவராது. வானத்துக்கு ஒன்று, ஜன்னல் கம்பிக்கு ஒன்று, அச்சடித்த எழுத்துக்கு வேறொன்று. அப்படியானால் எந்த இடத்தில் எந்த மாடல் என்று யார் முடிவு செய்வது? அதுதான் 'மாடல் தேர்வு'. படச் சுருக்கத் தொழில்நுட்பத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

பால் கணக்கு சொல்லும் பாடம்

பால் கணக்கு எழுதும் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். காலண்டரில் 30 நாளுக்கும் தனித்தனியாக 'அரை லிட்டர், அரை லிட்டர்' என்று எழுதலாம். அல்லது ஒரே வரியில் முடிக்கலாம்: 'தினமும் அரை லிட்டர், 7, 19 தேதிகளில் மட்டும் 1 லிட்டர்.' ஒரு விதி, இரண்டு விதிவிலக்கு. கணக்கில் எதுவும் விட்டுப்போகவில்லை, எழுத்து மட்டும் குறைந்துவிட்டது.

இப்போது ஒருவர் ரொம்பப் புத்திசாலித்தனமாக யோசிக்கிறார். '7-ம் தேதி மாமனார் வந்தார், 19-ம் தேதி பாயசம் வைத்தோம். அதனால் உறவினர் வரும் நாள், அதிலும் அது விசேஷ நாளாக இருந்தால், இல்லையென்றால் ஒற்றைப்படை தேதியாக இருந்தால்...' என்று விதிவிலக்கே இல்லாத ஒரு விதியைக் கண்டுபிடிக்கிறார். விதி பக்காவாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த விதியை எழுதவே அரைப் பக்கம் ஆகிவிட்டது! அதற்கு இரண்டு தேதியைச் சும்மா எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

இந்தச் சாதாரண அறிவைக் கணிதமாக்கியவர் ஃபின்லாந்தில் பிறந்த யோர்மா ரிஸனன். ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், 1978-ல் முன்வைத்த கொள்கைக்கு 'மிகக் குறுகிய விவரிப்பு நீளம்' என்று தமிழில் சொல்லலாம். சுருக்கமாக எம்டிஎல். கணக்கு இதுதான்: மாடலை எழுத ஆகும் நீளம், அந்த மாடலை வைத்துத் தரவை எழுத ஆகும் நீளம், இரண்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை எதில் குறைவோ அதுதான் சிறந்த மாடல்.

ரொம்ப எளிமையான மாடல் என்றால் விதிவிலக்குகள் குவியும். ரொம்பச் சிக்கலான மாடல் என்றால் அதை விவரிப்பதே செலவு. நடுவில் ஓர் இடத்தில் மொத்தச் செலவு குறைகிறது. பரீட்சைக்குப் பாடத்தைப் புரிந்துகொள்வதற்கும், போன வருடக் கேள்வித்தாளை மனப்பாடம் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இது. மனப்பாட மாடல் பழைய தரவுக்கு நூற்றுக்கு நூறு வாங்கும், புதுக் கேள்வியில் மாட்டிக்கொள்ளும்.

ரிஸனன் வெறும் கொள்கையாளர் அல்ல. நிகழ்தகவுகளை வீணாக்காமல் பிட்டுகளாக மாற்றும் 'அரித்மெட்டிக் கோடிங்' முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். மாடலைத் தேர்ந்தெடுப்பது ஒரு வேலை, அதை வைத்து பிட்டுகளை எழுதுவது இன்னொரு வேலை என்று இந்தத் துறை பிரித்துப் பார்க்கக் கற்றது அந்தக் காலத்தில்தான்.

நீங்கள் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டிலும் இது நடக்கிறது

பல போன்கள் ஸ்கிரீன்ஷாட்டைச் சேமிக்கும் வடிவம் பிஎன்ஜி. 1996-ல் வந்தது. படத்தில் ஒரு புள்ளியைக்கூட இழக்காமல் சுருக்குவது இதன் சிறப்பு. படத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஐந்து வழிகளில் ஒன்றை அது தேர்ந்தெடுக்கலாம்: எதையும் ஊகிக்காமல் அப்படியே எழுதுவது, இடப்பக்கப் புள்ளியை வைத்து ஊகிப்பது, மேலே உள்ள புள்ளியை வைத்து ஊகிப்பது, இரண்டின் சராசரியை எடுப்பது, இடம், மேல், மேல்-இடம் என மூன்று புள்ளிகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 'பேத்' முறை.

வானத்தின் ஒரு வரியில் 200, 201, 201, 202, 203 என்று எண்கள் வருகின்றன என்று வையுங்கள். இடப்பக்கத்தை வைத்து ஊகித்தால் முதல் எண்ணுக்குப் பிறகு எழுத வேண்டியது 1, 0, 1, 1 மட்டும்தான். ஜன்னல் கம்பிகளின் படம் என்றால் 20, 230, 20, 230 என்று எண்கள் துள்ளும். அங்கே இடப்பக்க ஊகம் படுதோல்வி. ஆனால் கம்பி நேராக மேலிருந்து கீழே வருவதால், மேல் வரியைப் பார்த்து ஊகித்தால் வித்தியாசம் எல்லாம் பூஜ்யம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை ஒவ்வொரு வரிக்கும் ஒரு பைட்டில் எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் படத்தைத் திறக்கும் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு பைட்தான் 'மாடலை எழுதும் செலவு'. 1,080 புள்ளிகள் கொண்ட வரியில் 3,240 பைட் தரவு இருக்கிறது. அதற்கு ஒரு பைட் ஒன்றும் பெரிதல்ல. 'அப்படியானால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி வழியைத் தேர்ந்தெடுக்கலாமே' என்று தோன்றும். ஐந்தில் ஒன்றைக் குறிக்க 2 பிட்டுக்கு மேல் வேண்டும். 1,080 புள்ளிக்கும் சேர்த்தால் தேர்வை எழுதவே 300 பைட்டுக்கு மேல் ஆகிவிடும். பால் கணக்குப் புத்திசாலியின் கதைதான்.

அக்கம்பக்கத்தை எவ்வளவு தூரம் பார்க்கலாம்?

ஃபேக்ஸ் போன்ற கறுப்பு-வெள்ளைப் பக்கங்களுக்காக 1993-ல் 'ஜேபிக்' என்ற தரநிலை வந்தது. ஒரு புள்ளி கறுப்பா, வெள்ளையா என்று ஊகிக்க, ஏற்கெனவே வந்த 10 புள்ளிகளைப் பார்ப்பது இதன் அடிப்படை. பத்துப் புள்ளிகள், ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை என்றால் 1,024 விதமான சூழல்கள். ஒவ்வொரு சூழலிலும் அடுத்தது கறுப்பாக வர எவ்வளவு வாய்ப்பு என்று இயந்திரம் போகப்போகக் கற்றுக்கொள்ளும்.

பத்துக்குப் பதில் முப்பது புள்ளிகளைப் பார்த்தால் இன்னும் நன்றாக ஊகிக்கலாமே? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சூழல்களின் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டிவிடும். 200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்த ஏ4 பக்கத்தில் மொத்தப் புள்ளிகளே 40 லட்சத்துக்குள்தான். ஒரே சூழல் இரண்டாவது முறை வருவதற்குள் பக்கமே முடிந்துவிடும். எதையும் கற்க நேரமே இருக்காது.

ரிஸனன் இதற்கும் ஒரு விலைப்பட்டியல் போட்டார். தரவிலிருந்து கற்க வேண்டிய ஒவ்வொரு எண்ணுக்கும், தரவின் அளவைப் பொறுத்து ஒரு கட்டணம் உண்டு. 10 லட்சம் புள்ளிகளிலிருந்து கற்கும் ஓர் எண்ணுக்கு சுமார் 10 பிட். மாடலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அது தன் கட்டணத்தைவிட அதிகமாக மிச்சப்படுத்த வேண்டும். இல்லையென்றால் வெளியே!

இந்தக் கணக்கை மனத்தில் வைத்தே எச்பி ஆய்வகத்தில் வைன்பெர்கர், செரூசி, சபீரோ ஆகிய மூவரும் 'லோகோ-ஐ' என்ற முறையை உருவாக்கினார்கள். சாம்பல் நிறப் படத்தின் அக்கம்பக்க நிலைமையை வெறும் 365 சூழல்களாகச் சுருக்கினார்கள். எளிமையான கணக்கு, ஆனால் நல்ல சுருக்கம். இதுவே 'ஜேபெக்-எல்எஸ்' தரநிலையின் அடிப்படை ஆனது. மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரநிலை இதை ஏற்கிறது. 2004-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளும், படத்தை இழப்பின்றிச் சுருக்க இதன் ஒரு வடிவத்தை வைத்திருந்தன.

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் ஒரு நிம்மதி இருக்கிறது. ஊகம் தப்பினாலும் உண்மை தப்பாது. மோசமான மாடலைத் தேர்ந்தெடுத்தால் ஃபைல் பெரிதாகும். அவ்வளவுதான். தப்புக்கான அபராதத்தை ஃபைல் சைஸ் கட்டிவிடும்.

எதை விடலாம் என்று யார் சொல்வது?

சிக்கல் தொடங்குவது, 'கொஞ்சம் இழந்தாலும் பரவாயில்லை' என்று சொல்லும்போது. 1992-ன் ஜேபெக் இந்த வகை. அதன் மையத்தில் இருப்பது, பெங்களூருவில் பிறந்த நசீர் அகமதுவும் டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோரும் 1974-ல் வெளியிட்ட டிசிடி என்ற கணித உருமாற்றம். அதுவும் ஒரு புள்ளியியல் ஊகத்தின் மேல் நிற்பதுதான்: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். முகம், வானம், இலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துக்குப் பொருந்தாது. போட்டோ அழகாக இருக்க, ஜேபெக்கில் சேமித்த நோட்டீஸின் எழுத்தைச் சுற்றி மட்டும் அழுக்குப் படிந்ததுபோல் தெரிவது இதனால்தான்.

ஐபோன் 2017 முதல் பயன்படுத்தும் ஹெய்க் வடிவத்தில், படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் பக்கத்துக் கட்டங்களிலிருந்து ஊகிக்க 35 வழிகள் உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது? இங்கே கணக்கில் ஒரு புது ஆள் வருகிறார். பிட்டுகளின் எண்ணிக்கை ஒருபக்கம், அசலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற பிழை மறுபக்கம். ஒரு பிட்டை மிச்சப்படுத்த எவ்வளவு பிழையைத் தாங்கலாம் என்று ஒரு மாற்று விகிதம் நிர்ணயித்து, இரண்டையும் கூட்டி, குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டாலருக்கு எவ்வளவு ரூபாய் என்பதுபோல, பிட்டுக்கு எவ்வளவு பிழை.

பிழையை எப்படி அளக்கிறார்கள்? வழக்கமாக, புள்ளிக்குப் புள்ளி வித்தியாசத்தின் சராசரி. இங்கேதான் கவனிக்க வேண்டும். சின்ன எழுத்தில் அச்சான 6-ஐ 8 ஆக்க பத்து, பன்னிரண்டு புள்ளிகள் மாறினால் போதும். 40 லட்சம் புள்ளிகளின் சராசரியில் அது ஒன்றுமே இல்லை. வானத்தில் விழும் லேசான மங்கலைவிடச் சின்னப் பிழை. ஆனால் அந்த 6, ஒரு மருந்தின் அளவாக இருந்தால்? நில ஆவணத்தின் சர்வே எண்ணாக இருந்தால்? அளவுகோல் 'ஓகே' என்கிறது, மனிதர் 'ஐயோ' என்கிறார். கணிதத்தில் தப்பு இல்லை. எதை அளக்கச் சொன்னோம் என்பதில்தான் தப்பு.

ஒரே அகராதி, இரண்டு பயன்பாடு

இப்போது ஜெராக்ஸ் கதைக்குத் திரும்புவோம். அந்த ஸ்கேனர்கள் பயன்படுத்தியது 'ஜேபிக்2' முறை. அதன் யோசனை பிரமாதமானது. ஒரு பக்கத்தில் '8' நூறு தடவை வந்தால், நூறு படமாக ஏன் சேமிக்க வேண்டும்? ஒரு '8'-ஐ அகராதியில் வைத்துவிட்டு, 'இங்கே அந்த 8, அங்கேயும் அந்த 8' என்று குறித்தால் போதும். எம்டிஎல் கண்ணோட்டத்தில் அருமையான மாடல்.

ஆனால் ஸ்கேனில் எந்த இரண்டு '8'-ம் துல்லியமாக ஒன்றுபோல இருக்காது. 'போதுமான அளவு ஒத்திருக்கிறதா' என்று ஓர் எல்லை வைக்க வேண்டும். எல்லை தளர்வாக இருந்தால் 6-ம் '8' என்ற பெட்டிக்குள் போய்விடும். திரும்ப வரும்போது சுத்தமான, தெளிவான 8 ஆகவே வரும்.

இதே ஜேபிக்2 தரநிலையில் இன்னொரு வழியும் இருக்கிறது. அகராதியில் உள்ள '8'-ஐ வெறும் ஊகமாக மட்டும் எடுத்துக்கொண்டு, தாளில் உண்மையில் இருக்கும் புள்ளிகளை அதன் உதவியோடு எழுதுவது. ஊகம் சரியென்றால் சில பிட்டுகளில் வேலை முடியும். தாளில் இருப்பது 6 என்றால் ஊகம் தப்பும், கொஞ்சம் கூடுதல் பிட் செலவாகும், ஆனால் 6 என்பது 6 ஆகவே வெளிவரும்.

அதே அகராதி, அதே மாடல். ஒன்றில் மாடல் ஊகம் மட்டும் செய்கிறது, மற்றொன்றில் தீர்ப்பே எழுதிவிடுகிறது. பால் கணக்கில் 7, 19 தேதிகளை எழுதாமல் விட்டால் கணக்கு இன்னும் சின்னதாகும்தான். பால்காரருக்கு ஒரு லிட்டர் காசு போகும். சுருக்கம் என்ற பெயரில் விதிவிலக்கை அழிப்பதும், விதிவிலக்கைக் குறைந்த செலவில் எழுதுவதும் ஒன்றல்ல.

தமிழ் எழுத்துக்கு இது இன்னும் நெருக்கமான கவலை. எ, ஏ இரண்டையும் பிரிப்பது ஒரு சின்னக் கோடு. க, க் இரண்டையும் பிரிப்பது தலைக்கு மேல் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் தூசு என்று எடுத்துக்கொள்ளும் மாடல், சொல்லையே மாற்றிவிடும். பழைய அச்சு நூல்களை ஸ்கேன் செய்யும் நூலகங்களும் தன்னார்வலர்களும் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

ஏஐ வந்தால் என்ன ஆகும்?

2025-ல் 'ஜேபெக் ஏஐ' சர்வதேசத் தரநிலையாக வெளிவந்தது. இதில் ஊகிக்கும் விதியை மனிதர் எழுதுவதில்லை. ஏராளமான படங்களைப் பார்த்து நியூரல் நெட்வொர்க் கற்றுக்கொள்கிறது. ஊகம் சிறப்பானது, ஃபைல் சின்னது. இதில் சந்தேகமில்லை.

ஆனால் எம்டிஎல் கேட்கச் சொல்லும் கேள்வியைக் கேட்க வேண்டும்: மாடலின் சைஸை யார் கணக்கில் சேர்ப்பது? 2023-ல் கூகுள் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். பெரும்பாலும் எழுத்துகளைப் படித்தே வளர்ந்த 'சின்சில்லா' என்ற மொழி மாடலை, படத் துண்டுகளை இழப்பின்றிச் சுருக்கப் பயன்படுத்தினார்கள். அசலில் பாதிக்கும் குறைவான அளவுக்கு அது சுருக்கி, பிஎன்ஜி-யைத் தோற்கடித்தது. கேட்டால் விசில் அடிக்கத் தோன்றும். ஆனால் அந்த மாடலில் 7,000 கோடி அளவுருக்கள். ஒன்றுக்கு 2 பைட் என்றாலே 140 ஜிபி. மாடலின் எடையையும் தராசில் வைத்தால் சுருக்கமே இல்லை என்பதை அந்த ஆய்வாளர்களே தங்கள் கட்டுரையில் காட்டினார்கள். போனில் ஒரே மாடல் ஆயிரக்கணக்கான படங்களுக்குப் பயன்பட்டால் செலவு பங்கு பிரியும் என்பது உண்மை. ஆனாலும் பேட்டரி, மெமரி வழியாக அந்தச் செலவைக் கட்டுவது நாம்தான்.

அதைவிடப் பெரிய கேள்வி, மாடல் தப்பினால் அது கண்ணுக்குத் தெரியுமா என்பது. பழைய ஜேபெக்கை அளவுக்கு மீறிச் சுருக்கினால் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். பார்த்தவுடனே 'இதை நம்ப முடியாது' என்று புரிந்துவிடும். அசிங்கமான தோல்வி, ஆனால் நேர்மையான தோல்வி. கற்றுக்கொண்ட மாடலோ, தகவல் போதாத இடத்தில் தான் பார்த்த ஏராளமான படங்களின் வழக்கத்தை வைத்து நிரப்பப் பார்க்கும். சுருக்க விகிதத்தைக் கூட்டக் கூட்ட, திரையில் தெரிவதில் கேமரா பார்த்தது எவ்வளவு, மாடல் எழுதியது எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் போகலாம். 2013-ன் பளிச்சென்ற 14.13 போல, தெளிவாகத் தப்பும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் நம் கையில் இருப்பது. எண்ணும் கையெழுத்தும் உள்ள ஆவணத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் 'டாகுமென்ட்' ஆக அனுப்புங்கள். அப்போது ஃபைல் மாறாமல் போகும். ஸ்கேனரிலும் ஸ்கேன் ஆப்பிலும் 'மிகச் சிறிய சைஸ்' என்ற வசதியை, தொகை, தேதி, அளவு உள்ள தாள்களுக்குத் தொடாதீர்கள். பத்திரம், மார்க் ஷீட், மருத்துவ அறிக்கை எதுவானாலும் ஸ்கேன் ஆன பிறகு எண்களை அசலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அசல் தாளை ஸ்கேனை நம்பித் தூக்கிப் போடாதீர்கள். ஒரே ஜேபெக்கைத் திரும்பத் திரும்ப எடிட் செய்து சேமிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும்.

அடுத்தது நிறுவனங்களும் அரசும் செய்ய வேண்டியது. ஆன்லைன் விண்ணப்பங்களில் 'போட்டோ இத்தனை கேபி-க்குள் இருக்க வேண்டும், சான்றிதழ் இத்தனை கேபி-க்குள்' என்று நிபந்தனை போடுகிறார்கள். கடைசி நாளில் விண்ணப்பிக்கும் இளைஞர் என்ன செய்வார்? கூகுளில் முதலில் வரும் ஏதோ ஒரு இலவசத் தளத்தில் சான்றிதழை ஏற்றிச் சுருக்குவார். அது எந்த மாடலைப் பயன்படுத்தியது, எதைத் தூக்கி எறிந்தது என்று அவருக்கும் தெரியாது, சான்றிதழைச் சரிபார்க்கும் அதிகாரிக்கும் தெரியாது. அசலை வாங்கிக்கொண்டு, தெரிந்த, சோதித்த முறையில் தன் சர்வரிலேயே சுருக்கிக்கொள்வதுதான் பொறுப்பான துறை செய்ய வேண்டிய வேலை. ஸ்டோரேஜ் செலவை மிச்சப்படுத்த, பிழையின் ஆபத்தை விண்ணப்பதாரர் தலையில் கட்டக் கூடாது.

ஜெராக்ஸ் விவகாரத்துக்குப் பிறகு ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அமைப்பான பிஎஸ்ஐ, ஆவணங்களை ஸ்கேன் செய்வதற்கான தன் வழிகாட்டியிலிருந்து ஜேபிக்2-ஐ விலக்கியது. சுவிட்சர்லாந்தின் ஆவணக் காப்பக ஒருங்கிணைப்பு அமைப்பும் அதே முடிவுக்கு வந்தது. நம் நீதிமன்றங்கள், பதிவுத் துறை, மருத்துவமனைகள் எல்லாம் காகிதத்திலிருந்து ஸ்கேனுக்கு மாறிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், அப்படி ஒரு தெளிவான விதி இங்கேயும் வேண்டும். சான்றாகப் பயன்படும் எந்தப் படத்துக்கும் இழப்பற்ற முறை மட்டுமே என்று எழுதிவைக்க வேண்டும். இழப்போடு சுருக்கினால், எந்த முறையில் சுருக்கியது என்பது ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்க வேண்டும். ஏஐ மாடல் பயன்பட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

மாடல் தேர்வு என்ற கணிதம் இல்லாவிட்டால் நம் போன் இரண்டே நாளில் நிரம்பிவிடும், வீடியோ காலும் நடக்காது. அதைக் கைவிடச் சொல்ல இங்கே காரணமே இல்லை. இன்னும் நல்ல மாடல் வரட்டும், இன்னும் துல்லியமாக ஊகிக்கட்டும். ஊகம் தப்பிய இடத்தில் மட்டும், தாளில் இருந்த 6-ஐ 6 என்றே எழுதிவைக்க ஆகும் அந்தச் சில பிட்டுகளைக் கஞ்சத்தனம் பார்க்காமல் செலவழிக்க வேண்டும். அதுதான் இந்தத் துறையிடம் நாம் கேட்க வேண்டியது.